படம் போட்டால் சோறு வருமா?



நீளமான பதிவு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டியது. எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து எனக்கே அனுப்புங்கள். 37 வருஷம் நான் உங்களுக்குச் செய்ததுதானே. ஆனால் நாலு வரி படித்துவிட்டு, "அருமை டீச்சர்" என்று கும்பிடு போடும் பொம்மையை அனுப்பிவிட்டு ஓடக் கூடாது. முழுதும் படியுங்கள், பிறகு திட்டுங்கள்.

என் அக்கா பேத்தி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். வயது 17. மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கிறேன் என்று கேட்டாள். கேட்டது அவ்வளவுதான். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் மூன்று நாளாகப் பஞ்சாயத்து ஓயவில்லை. இழவு வீட்டுச் செய்திக்குக்கூட இத்தனை பேர் பதில் போட்டதில்லை.

துபாயில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவர், "படம் போட்டா சோறு வருமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். பெரியப்பா முறை உள்ளவர் நியாயஸ்தர். "ஹாபியா வச்சிக்கட்டுமே, யாரு வேணாங்கறா" என்கிறார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை ஒன்று, இப்போது ஏ.ஐ. ஒரு நிமிஷத்தில் வரைந்துவிடுகிறது, நாலு வருஷம் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டு, மாதிரிக்கு நம் ஊர் பத்ரகாளி அம்மன் படம் ஒன்றையும் அதில் செய்து அனுப்பியிருக்கிறது. அம்மனுக்கு ஒரு கையில் ஆறு விரல்.

நான் அந்தப் பெண்ணுக்குப் பரிந்து ஒரு வரி எழுதினேன். உடனே என்னிடம் படித்த ஒருவன் (இப்போது உறவுக்காரனும் ஆகிவிட்டான்) எழுதினான்: "டீச்சர், எங்க டிராயிங் பீரியட்ல நீங்கதான வாய்ப்பாடு ஒப்பிக்க வச்சீங்க?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம், அவன் சொன்னது உண்மை. அதனால் முதலில் என் கணக்கை முடித்துவிட்டு மாப்பிள்ளையிடம் வருகிறேன்.

ஆமாம், ஓவியப் பாடவேளையைப் பிடுங்கினேன். கால அட்டவணையில் வாரத்துக்கு ஒன்று இருக்கும். அது இருப்பதே நாங்கள் எடுத்துக்கொள்ளத்தான் என்று நினைத்திருந்தோம். கணக்கு முடியவில்லையா, டிராயிங் பீரியட். டெஸ்ட் பேப்பர் திருத்த வேண்டுமா, டிராயிங் பீரியட். ரொம்ப நல்ல மனசோடு இருந்த நாளில் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போட்டு, "இதைப் பார்த்து வரைங்கடா" என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைக் கூட்டிக்கொண்டிருப்பேன். முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே மாம்பழத்தை வரைவார்கள். வாசலில் மாமரம் இருக்கிறது. எழுந்துபோய் அதைப் பாருங்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன நடக்கும்? படம் வரையும் பிள்ளை எவன் என்று தேடுவோம். ஜீரண மண்டலம், இலையின் பாகங்கள், இந்திய வரைபடம், காந்தி தாத்தா எல்லாம் அவன்தான் சார்ட்டில் போட வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நாங்களே அப்படித்தான் பாஸ் செய்தோம். துணைக்கருவிக்கு மதிப்பெண் உண்டு, கை வராதவர்கள் கை வந்த தோழியைப் பிடித்துக்கொள்வோம். பத்தாவது, பன்னிரண்டாவது போனால் வகுப்பு மொத்தத்துக்கும் ரெக்கார்டு நோட்டில் தவளையும் செம்பருத்தியும் வரைந்து கொடுப்பதும் அவன்தான். சுதந்திர தினத்துக்குப் பலகை எழுத, ஆண்டு விழாவுக்குத் திரை எழுத, கோலம் போட, எல்லாவற்றுக்கும் அவன் வேண்டும். அது முடிந்த மறுநாள், "படம் போட்டே உருப்படாமப் போயிட்டான்" என்று அவன் அப்பாவிடம் சொல்வதும் நாங்கள்தான்.

ஒரு பையனின் நோட்டைக் கிழித்தேன். பெயர் சொல்ல மாட்டேன், இந்தப் பதிவை அவன் படிப்பான். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தை வரைந்திருந்தான். பலூன்காரன், தலையில் துண்டு கட்டிய தவில்காரர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் பொம்பளை. எட்டிப் பார்க்கும்போது ஒரு குதிகால் மட்டும் தூக்கியிருக்கும் பாருங்கள், அதைக்கூட விடவில்லை. அந்தக் குதிகால் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிழித்ததும் ஞாபகம் இருக்கிறது.

சரி, மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை, உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் பரணில் ஒரு சமாச்சாரம் இருந்தது. விகடனில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, கோந்து போட்டு, காலிகோ அட்டை வைத்து பைண்டு பண்ணின புத்தகம். எங்கள் பெரியம்மா அப்படிச் சேர்த்தது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் எழுதியது. எனக்கு அப்போது எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கதை புரியாது, படம் புரியும். படத்தின் மூலையில் 'கோபுலு' என்று இருக்கும். அந்த எழுத்தே ஒரு படம் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

1968-இல் சினிமா வந்தபோது சிவாஜியையும் பத்மினியையும் பார்த்து ஊரே மயங்கியது. எங்கள் பெரியம்மா மட்டும், "சிக்கல் சண்முகசுந்தரத்த நா முன்னாடியே பாத்துட்டேன்" என்றார். சிக்கல் நமக்கு எவ்வளவு தூரம்? நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில்தான் சிக்கல். அந்த ஊர் நாதஸ்வரக்காரர் ஒருவர் எப்படி உட்காருவார், வாசித்து முடித்துச் சீவாளியை எப்படி எடுப்பார், திமிர் எந்தப் பக்கம் கழுத்தில் இருக்கும் என்பதெல்லாம் அந்தப் படங்களில் இருந்தது. தமிழ்நாடு முழுக்க வாராவாரம் லட்சக்கணக்கான வீட்டில் அதைப் பார்த்தார்கள். எந்த மியூசியத்துக்கும் போகாத பெரியம்மாவுக்கு அதுதான் மியூசியம்.

கோபுலுவுக்கு வீட்டில் வைத்த பெயர் கோபாலன். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். தஞ்சாவூர் என்றால் அந்தத் தட்டு, அந்த ஓவியம், அந்தப் பெரிய கோயில், வீதிக்கு வீதி பாட்டும் பரதமும். நம் டெல்டா வாழ்க்கை அவருக்குக் கண்ணிலேயே ஊறியது. ஆனால் ஊறினால் மட்டும் போதாது, இதைக் கவனியுங்கள். அவர் கும்பகோணத்தில் ஓவியப் பள்ளிக்குப் போய்ப் படித்தார். ஆங்கிலேயர் காலத்திலேயே நம் பக்கத்தில் இருந்த பள்ளி அது. இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. நம் ஊரிலிருந்து பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். நம்மில் எத்தனை பேருக்கு அது இருப்பது தெரியும்? மகாமகத்துக்குப் போயிருக்கிறோம், வெற்றிலை வாங்கியிருக்கிறோம்.

படித்துவிட்டு விகடனில் இருந்த மாலியிடம் போனார். மாலி பெரிய கோட்டோவியர். அவர் இந்தப் பையனிடம் சர்டிபிகேட் கேட்டாரா தெரியாது, ஒரு வேலை கொடுத்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வீட்டில் இருக்கும் ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வா என்றார். போய் வரைந்து வந்தார். அது 1941 தீபாவளி மலரில் வந்தது. கோபாலனைக் கோபுலு ஆக்கியதும் மாலிதான்.

1941-இல் கோபுலுவுக்கு என்ன வயது? கழித்துப் பாருங்கள், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேனே. 17.

நம் பெண்ணுக்கும் 17. ஒரு 17 வயதுப் பிள்ளையை நம்பி ஒரு பெரிய பத்திரிகை திருவையாற்றுக்கு அனுப்பியது. நாம் 17 வயதுப் பிள்ளையை அரியாங்குப்பத்துக்கு அனுப்ப மூன்று நாள் கூட்டம் போடுகிறோம்.

சோறு வந்ததா என்றுதானே கேட்டீர்கள்? வந்தது. நாற்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை விகடனில் மாதச் சம்பளம். தேவன் கதைக்கு, ஜெயகாந்தன் கதைக்கு, சாவியின் 'வாஷிங்டனில் திருமண'த்துக்கு என்று படம் போட்டார். அமெரிக்காவில் நம் ஊர்க் கல்யாணம் நடந்தால் எப்படி இருக்கும் என்று சாவி எழுதினார், நடக்காத அந்தக் கல்யாணத்தை நடந்தது போலக் காட்டியது கோபுலு. வார்த்தையே இல்லாத சிரிப்புப் படங்கள் போட்டார். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கட்டம் கட்டமாக ஒரு ஆள் வருகிறான், ஏதோ செய்கிறான், கடைசிக் கட்டத்தில் நாம் சிரிக்கிறோம். ஒரு எழுத்து கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆயாவும் பி.ஏ. படித்த சித்தப்பாவும் ஒரே நேரத்தில் சிரித்த பக்கம் அது ஒன்றுதான். நான் எத்தனையோ பயிற்சி முகாமில் 'தகவல் தொடர்புத் திறன்' என்று குறிப்பெடுத்திருக்கிறேன். ஒருத்தரும் இதைக் காட்டியதில்லை.

பிறகு பத்திரிகையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். அங்கே வேறு கை வேண்டும். கதைக்குப் படம் போடும்போது இழைத்து இழைத்துச் சொல்லலாம், விளம்பரத்தில் பஸ் கடந்து போவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். அதையும் கற்றுக்கொண்டு, 'ஆட் வேவ்' என்று சொந்தமாக நிறுவனமே வைத்தார். குங்குமம் இதழுக்கும் சன் டி.வி.க்கும் சின்னம் வரைந்தவரும் அவரே. மாப்பிள்ளை துபாயில் உட்கார்ந்து ராத்திரி சீரியல் பார்க்கும்போது திரையில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு குரல் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் இலக்கியம் படித்த என் மாணவன் ஒருவன் கேட்பான்: "டீச்சர், பத்திரிகைக்குப் படம் போட்டவரெல்லாம் ஓவியரா? கேன்வாசில் வரைந்தவர்தானே ஓவியர்?" தம்பி, இந்த ஜாதி பார்க்கும் வேலை எனக்குப் பிடிக்காது. சுவரில் மாட்டினால் உசத்தி, அச்சில் வந்தால் மட்டமா? உனக்குப் பிடித்த ஆதிமூலத்தையே எடுத்துக்கொள். துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். 1959-இல் சென்னைக்கு வந்து, சிற்பி தனபால் வழிகாட்டி, சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு நூறு காந்தியைக் கறுப்பு மசியில் கோடாகப் போட்டார். பிறகு கோட்டை விட்டுவிட்டு, உருவமே இல்லாமல் வண்ணத்தை மட்டும் அள்ளி அப்பிய பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்கள். (எனக்கு அவை முதலில் பிடிபடவில்லை. சித்திரை மாதம் அறுவடை முடிந்த வயலைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு நாளில்தான் கொஞ்சம் பிடிபட்டது.) அதே ஆதிமூலம்தான் சிறுபத்திரிகைகளுக்கு எழுத்து வடிவம் எழுதிக் கொடுத்தார், கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் படம் போட்டார். அவர் எந்த வேலையையும் மட்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை. நீயும் நானும்தான் நினைக்கிறோம்.

இதெல்லாம் லட்சத்தில் ஒருவர் கதை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் கோபுலு ஆக முடியாது. ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் இன்ஜினீயரிங்குக்குக் கேட்டதே இல்லையே! நம் குடும்பத்திலேயே ஆறு இன்ஜினீயர். அதில் இரண்டு பேர் இன்ஜினீயர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பேங்கில், ஒருவர் இன்சூரன்சில், மற்ற இரண்டு பேரைப் பற்றி எழுதினால் சண்டை வரும். அவர்கள் சேரும்போது யாராவது "நீ என்ன விஸ்வேஸ்வரய்யாவா?" என்று கேட்டீர்களா? ஓவியம் என்றால் மட்டும் முதல் நாளே மகா கலைஞனாக வர வேண்டும். இல்லாவிட்டால் சேரவே கூடாது. இது என்ன நியாயம்?

இப்போது அந்தப் பையனுக்கு வருகிறேன். என் வாதத்தில் ஓட்டை அங்கேதான் இருக்கிறது, அதை மூடி மறைத்தால் நான் டீச்சர் இல்லை.

நோட்டைக் கிழித்தும் அவன் விடவில்லை. எட்டாவதோடு நின்று, காரைக்காலில் ஒரு போர்டு எழுதுபவரிடம் சேர்ந்தான். கடைப் பலகை, லாரி, சினிமாக் கொட்டகை, தேர்தல் சுவர் என்று எழுதினான். நல்ல எழுத்து. திருநள்ளாறு ரோட்டில் அவன் எழுதிய பலகைகளை நான் பஸ்சில் போகும்போது அடையாளம் கண்டுபிடிப்பேன், 'ழ' போடும்போது வாலை ஒரு சுற்று கூடுதலாக இழுப்பான். பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் தூரிகை எல்லாம் காய்ந்துவிட்டது. இப்போது லோடு வண்டி ஓட்டுகிறான். மாப்பிள்ளைக்கு இது தெரியும், அவர் கூடப் படித்தவன்தான். "அவனைப் பார்த்துமா சொல்றீங்க சின்னம்மா?" என்று நேற்று தனியாகக் கேட்டார்.

அவனைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவனுக்கு ஒரே ஒரு வேலையின் ஒரே ஒரு முனை மட்டும் தெரிந்திருந்தது. அந்த முனையை மெஷின் வெட்டியபோது பிடித்துக்கொள்ள வேறு கிளை இல்லை. கோபுலுவின் காலத்திலும் எல்லாம் மாறியது. பத்திரிகை மாறியது, அச்சு மாறியது, டி.வி. வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அடுத்ததில் காலை ஊன்றிக்கொண்டார். அவருக்குக் கையோடு படிப்பும் இருந்தது, மாலியும் இருந்தார். இவனுக்குக் கை மட்டும் இருந்தது, மாலி இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். படித்திருந்தால் கட்டாயம் தப்பியிருப்பான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஃப்ளெக்சையே கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அந்த நாற்காலிக்காவது இவன் போயிருப்பான்.

பெரியப்பா முறைக்காரர் 'ஹாபி' என்றாரே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக் கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே அது ஹாபி இல்லை. பகுதிநேரம் என்றுதான் போட்டார்கள், அது எனக்கு வருத்தம், அது வேறு சண்டை.

ஏ.ஐ. பிள்ளைக்கு: கண்ணு, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானே உன்னிடம், சிக்கல் கோயில் வாசலில் நாதஸ்வரம் வாசிக்கும் வித்வான் என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, படம் வந்தது. பளபளவென்று இருந்தது. வித்வான் நாதஸ்வரத்தைப் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடித்துக்கொண்டிருந்தார். நீ, "சூப்பர் இல்ல அம்மாச்சி?" என்றாய். உனக்குத் தப்பு தெரியவில்லை. அடுத்த வருஷம் அது விரலையும் சரியாகப் போடும், நாதஸ்வரத்தையும் நேராகப் பிடிக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்போதும் சரியா தப்பா என்று சொல்ல, மனுஷர் உட்கார்ந்து ஊதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் ஒன்று வேண்டாமா? அந்தக் கண்ணுக்குத்தான் நாலு வருஷம்.

நம் காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். மாங்கனித் திருவிழாவில் பழம் பிடிக்க அடித்துக்கொள்கிறோமே, அந்த அம்மையாரின் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அழகாகப் பண்ணுவது சுலபம். பேய் உருவத்தைப் பண்ணி அதைக் கும்பிட வைப்பது எப்பேர்ப்பட்ட வித்தை! வயோதிகத்தில் எலும்பு எங்கே துருத்தும் என்று ஒருவன் உற்றுப் பார்த்திருக்கிறான். அவன் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை இருந்திருப்பார், என்ன கேட்டிருப்பார் என்று நமக்குத் தெரியும்.

நம் புதுச்சேரி மாநிலத்திலேயே வில்லியனூரில் முனுசாமி என்று சுடுமண் சிற்பி. களிமண்தான் மூலதனம். 2020-இல் பத்மஸ்ரீ. இதைக் குழுவில் போட்டால் "வாழ்த்துகள்" என்று நாற்பது பூங்கொத்து வரும். நம் வீட்டுப் பெண் களிமண்ணைத் தொட்டால் நெயில் பாலிஷ் போய்விடும் என்பீர்கள்.

இன்னொரு செய்தி. கோபுலுவுக்கு வயதான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. வரைகிற கை. அவர் இடது கையால் வரையப் பழகினார். பழகி, வரைந்து, அச்சிலும் வந்தது. 2015-இல் காலமானார். மாப்பிள்ளை, சோறு மட்டும்தான் கணக்கென்றால் அந்த வயதில் எதற்கு இடது கை?

கல்யாணச் சந்தையில் பி.எஃப்.ஏ. படிப்புக்கு மதிப்பில்லை என்று ஒரு அண்ணி எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா நேற்று சாயந்திரம் வந்தார். முக்கால் மணி நேரம் பேசவே இல்லை, காபி ஆறிப்போனது. பிறகு, "பணம் கட்டிட்டு அப்புறம் அவ வேலை இல்லாம நின்னா, எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க சித்தி" என்றார். அவர் பயம் நியாயம். குழுவில் பேசின ஒருத்தரும் அவள் பீஸில் ஒரு ரூபாய் கட்டப் போவதில்லை, கேள்வி மட்டும் கேட்பீர்கள். அதனால் முதல் வருஷச் செலவு, தங்கும் செலவு உட்பட, என் பென்ஷனில் என்று சொல்லிவிட்டேன். இனி கேட்கிறவர்கள் என்னைக் கேளுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

லோடு வண்டி ஓட்டும் தம்பிக்கு: ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வா. வாசல் கேட்டில் என் பெயரை எழுத வேண்டும். ஃப்ளெக்ஸ் வேண்டாம், தகரம் வாங்கி வைத்திருக்கிறேன். 'ழ' வருகிற மாதிரி வீட்டுக்கு ஒரு பெயரும் யோசித்துக்கொண்டு வா.

நாளைக் காலை ஆறு மணி பஸ்சில் நானும் அவளும் புதுச்சேரி போகிறோம். என்னைக் குழுவிலிருந்து நீக்குவதாக இருந்தால் இன்றிரவே நீக்கிவிடுங்கள். பஸ் ஏறிவிட்டால் போன் பைக்குள் போய்விடும்.